போணியாகாத தலைநகரம்

விதைக் கம்பெனி செலவில் கடைக்காரர்கள் பதினெட்டுப் பேர் ஒரு வெளிநாட்டுத் தலைநகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போனதும், அவர்கள் போய் இறங்கிய மறுநாள் காலையிலேயே அந்த ஊர் ஓடாமல் நின்றுபோனதும் ஒட்டன்சத்திரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். யாரால் நின்றது என்பது மட்டும் வீரசின்னம்மாளைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது, அவளிடம் கேட்டாலும் பதில் வராது, கேட்டவன் கையில் ஒரு பாக்கெட் வெண்டை விதையைத் திணித்து, "வாங்குறதுன்னா வாங்கு, இல்லாட்டி நடையக் கட்டு" என்பாள்.

எல்லாம் கோவர்த்தனனின் குறிப்புகளால் வந்த வினை. மருந்து தெளிக்கும் மெஷின் விற்கும் அவன் இதற்கு முன் நான்கு கம்பெனி டூர் போய்வந்தவன், அதனால் ஊரில் ஃபாரின் கோவர்த்தனன். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே, முதன்முறை போகிறவர்களுக்கு என்று நாற்பத்தியொரு குறிப்புகளை அச்செடுத்து ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட்டான். நடந்து பழகின செருப்பையே போடவும், புதுச்செருப்பு கடிக்கும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டில் வாங்கி ஏமாற வேண்டாம். அரண்மனைக் காவல்காரனைச் சிரிக்க வைக்கப் பார்க்காதீர்கள், அவன் சிரிக்க மாட்டான், நீங்கள்தான் களைத்துப் போவீர்கள். பார்க்க வேண்டிய இடமெல்லாம் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும், எட்டுக்கே போய் வரிசையில் முதலாளாக நிற்கவும். இருபத்தேழாவது குறிப்பு: வாங்கின சாமான் பிடிக்காவிட்டால் தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம், அந்த ஊரில் முகம் சுளிக்காமல் பணத்தைத் திருப்பித் தருவார்கள்.

"ஊரு பாக்கப் போறமா, பரீட்சை எழுதப் போறமாடா?" என்று கேட்டாள் வீரசின்னு.

"படிச்சு வைங்கக்கா. அங்க போய்த் திருதிருன்னு முழிச்சீங்கன்னா எனக்குத்தான அசிங்கம்."

அவளுக்குப் போகவே மனமில்லை. பன்னிரண்டு வயதில் மாட்டுச் சந்தையில் மூக்கணாங்கயிறு விற்று, இருபதில் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் சாக்கு விரித்து எலுமிச்சம்பழம் விற்று, திட்டும் உதையும் பட்டு நாற்பதில் சொந்தமாக விதைக்கடை போட்டவள் அவள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, பேரம் மட்டும் முடியவேயில்லை. கம்பெனி ஆபீசரிடமே பேசிப் பார்த்தாள். "டூரு வேண்டாங்க, அதுக்குப் பதிலா நாலு ஸ்பிரேயர் குடுங்க." முடியாது என்றான். "ரெண்டு?" முடியாது. "ஒண்ணு, ஒரு வாளியோட?" ஆபீசர் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நீட்டினான்.

போக மனமில்லாததற்குக் காரணம் இருந்தது. திரும்பி வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, அவள் மகள் பூவிழிக்கு மாப்பிள்ளை வீட்டார் பேச வருகிறார்கள். பையனைப் பூவிழிக்குப் பிடித்திருந்தது, பையனுக்கும் பூவிழியைப் பிடித்திருந்தது, பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான்: கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போகக்கூடாது என்று பையனின் தாய்மாமன் தரகரிடம் சொல்லியனுப்பியிருந்தான். பூவிழி மருந்தியல் படித்துவிட்டு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறாள். "எனக்கு வேலையும் வேணும், அவரும் வேணும், முடிஞ்சா மேல படிக்கவும் வேணும். நீதாம்மா பேசணும். அப்பாவ விட்டா சரிங்கன்னுருவாரு" என்றாள். அவள் அப்பா தவசி முப்பது வருஷத்தில் யாரிடமும் சரிங்க என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசியதில்லை; பால்காரன் தண்ணீர் ஊற்றினாலும் சரிங்க, பஸ்காரன் தவறான ஊரில் இறக்கிவிட்டாலும் சரிங்க.

"புதன்கிழமை அங்க ஏறுறேன், வியாழக்கிழமை இங்க நிக்கிறேன். நான் வராம இந்த வீட்டுல ஒரு வெத்தல மாறாது" என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் வீரசின்னு விமானம் ஏறினாள்.

அந்தத் தலைநகரத்தின் பெயரைப் பதினெட்டுப் பேரும் பதினெட்டு விதமாகச் சொன்னார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுகிற வழிகாட்டி பிரதீபன் யாழ்ப்பாணத்துக்காரன், இருபத்திரண்டு வருஷமாக அங்கே குடியிருப்பவன். அவன் அந்தப் பெயரைச் சரியாகச் சொன்னபோது யாருக்கும் விளங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவர்களை ஊரின் நடுச் சதுக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். மணிக்கூண்டு இருந்தது, மாதாகோயில் இருந்தது, அரண்மனை இருந்தது, எல்லாம் மூடியிருந்தது. சித்திரை மாதத்திலும் காது இரண்டும் அறுந்து விழுகிற குளிர். விளக்குக் கம்பத்தடியில் ஒரு பெண்பிள்ளை தள்ளுவண்டியில் கம்பளிக் குல்லா விற்றுக்கொண்டிருந்தாள், ஐம்பது வயதிருக்கும், பெயர் இரேனா என்று பிற்பாடு தெரிந்தது. வீரசின்னு ஒரு சிவப்புக் குல்லாவை எடுத்தாள். இரேனா விரலால் இருபது என்று காட்டினாள். வீரசின்னு ஆறு என்று காட்டி, குல்லாவைக் கீழே போட்டு, நாலடி நடந்து, கூப்பிட்டதும் திரும்பி வந்து, பதினொன்றுக்கு முடித்தாள். இரேனா அந்த நோட்டை முத்தமிட்டு இடுப்புப் பையில் வைத்தாள். அன்றைக்கு அவளுக்கு அதுதான் முதல் வியாபாரம், போணி.

நாலு வண்டி தள்ளி அதே குல்லா ஒன்பதுக்குத் தொங்கியது.

வீரசின்னுவுக்கு வயிறு எரிந்தது. "இருபத்தேழாவது குறிப்ப எடுத்துப் பாருங்கக்கா" என்றான் கோவர்த்தனன். "இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." போணி செய்த பொருளைத் திருப்பிக் கொண்டுவந்த ஒருத்தன் மேல் அவளே ஒரு தரம் எடைக்கல்லை வீசியிருக்கிறாள், விதைக்கடை வாசலில் அந்தக் கல் பட்ட தடம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் இது அயல்தேசம், இவர்களுக்கு ஏது போணி, ஏது கைராசி என்று நினைத்தாள். அறிவிருக்கிறவன் செய்யாத காரியத்தை அச்சடித்த காகிதம் செய்ய வைத்துவிடும். போய்க் குல்லாவை வண்டிமேல் வைத்துக் கையை நீட்டினாள். இரேனா அவள் முகத்தையே பார்த்தாள், நோட்டை எடுத்துக் கொடுத்தாள். நோட்டு கை மாறிய நொடியில் மணிக்கூண்டின் பெரிய முள் ஐந்தாம் எண்ணில் நின்றது. மணி ஏழு இருபத்தைந்து.

மணிக்கூண்டு மட்டும் நின்றிருந்தால் ஆளை ஏற்றி எண்ணெய் விட்டிருப்பார்கள். நின்றது நாள். சூரியன் மாதாகோயிலின் இடுப்பளவில் நின்றது, விளக்குக் கம்பத்தின் நிழல் நடைபாதையில் விழுந்த இடத்திலேயே கிடந்தது, ஏழரை வராததால் ஏழரை மணி பஸ் வரவில்லை, பஸ் வராததால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிறுத்தத்திலேயே நின்று முதலில் பாடத்தையும் பிறகு சண்டையையும் பிறகு கலியாணக் கதைகளையும் பேசித் தீர்த்தார்கள், மாதாகோயிலில் அரை மணி அடிக்கிறவன் கயிற்றைப் பிடித்தபடி நின்று கை கடுத்ததும் பெண்டாட்டியை வரவழைத்து அவள் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு ஒரு தூக்கம் போட்டு வந்தான், ஒன்பது மணிக்கு மாற வேண்டிய அரண்மனைக் காவல்காரன் மாறாமலும் சிரிக்காமலும் நின்றான், ரயில் நிலையத்தில் பிரிய இருந்த ஒரு ஜோடி கட்டிப்பிடித்து அழுது முடித்து, அழ ஒன்றுமில்லாமல் போய், சண்டை பிடித்து, சமாதானமாகி, வீட்டுக்கே போய்விட்டது.

முதல் சில மணி நேரம் ரொட்டிக்கடைக்காரர்கள் மட்டும் முணுமுணுத்தார்கள், ஏனென்றால் காலை ரொட்டி தீரத் தீரச் சுட வேண்டியிருந்தது. பிறகு அவர்களும் முறை போட்டுக்கொண்டார்கள். நகரசபை ஒரு தட்டியில் எழுதி வைத்தது: செவ்வாய்க்கிழமை நீடிப்பதால் வண்டி நிறுத்தும் கட்டணம் ஒருமுறை செலுத்தினால் போதும். பேப்பர்காரன் அதே தேதியில் இரண்டாவது பதிப்பும் மூன்றாவது பதிப்பும் கொண்டுவந்தான், வானிலை மூன்றிலும் ஒன்றுதான், நேற்று நடந்ததைப் போட நேற்று இல்லாததால் பக்கத்துக்குப் பக்கம் சமையல் குறிப்பு போட்டான். ஆபீசுக்குப் போகிறவர்கள் சதுக்கத்தில் காப்பிக் கோப்பையோடு நின்றார்கள். ஆபீசு ஒன்பதுக்குத்தான், ஒன்பது வரும்போது வரட்டும். வருஷக்கணக்காக ஒரே பஸ்ஸில் முதுகைப் பார்த்துக்கொண்டு போனவர்கள் அன்றைக்குத்தான் முகத்தைப் பார்த்துப் பெயர் கேட்டார்கள். இரேனாவின் வண்டியைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது, காப்பி கொண்டுவந்து கொடுத்தது, தூங்கச் சொல்லித் துணி போர்த்தியது. ஆனால் யார் குல்லா கேட்டாலும் அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"இந்த ஊருல ஒருத்தனாவது பதறுறானா பாரு!" என்று பல்லைக் கடித்தாள் வீரசின்னு. "நம்மூர்ல கரண்டு பத்து நிமிஷம் நின்னா மறியல் பண்ணுவான். இங்க நாளே நின்னு கெடக்கு, இவன் சீனி போட்டுக் கலக்கிட்டிருக்கான்!"

"இஞ்ச சனம் அப்பிடித்தான் அக்கா" என்றான் பிரதீபன். "வெதர் எண்டு நினைச்சிருப்பினம்."

கூட வந்தவர்களோ இன்னும் மோசம். ஓட்டலில் காலைச் சாப்பாடு பத்து மணி வரைக்கும் உண்டு, பத்து வரவேயில்லை. அவர்கள் பன்னிரண்டு தடவை காலைச் சாப்பாடு சாப்பிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கி, எழுந்து பதின்மூன்றாவது தடவை சாப்பிட்டார்கள். கோவர்த்தனன் தன் குறிப்புப்படியே அருங்காட்சியக வாசலில் வரிசையில் போய் நின்றான். வரிசை அவனுக்குப் பின்னால் ஆற்றுப்பாலம் வரைக்கும் வளர்ந்தது. ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்த வீரசின்னுவிடம் அவன் பெருமையாகச் சொன்னான்: "பாத்தீங்களாக்கா, மொத ஆளு நாந்தான்!"

"ஆமாடா. சாகுற வரைக்கும் நீதான் மொத ஆளு."

அவளுக்கு மட்டும் தெரியும். தெரிந்ததைச் சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. இந்த ஊருக்குத்தான் செவ்வாய்க்கிழமை, ஒட்டன்சத்திரத்துக்கு இல்லை. தவசி போன் செய்து, "சின்னு, இங்க புதனாயிருச்சே, நீ கெளம்பலையா?" என்றான். புதன்கிழமை விமானம் புதன்கிழமையன்றுதான் கிளம்பும், இங்கே புதன்கிழமைக்கு இன்னும் பதினாறரை மணி நேரம் இருந்தது, அந்தப் பதினாறரை குறையவேயில்லை. அடுத்துப் பூவிழி போனை வாங்கி, "அம்மா, வெள்ளிக்கிழம வந்துருவல்ல?" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் வீரசின்னு ஓட்டலிலிருந்து செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் சதுக்கத்துக்கு ஓடினாள்.

முதலில் பதினொன்றை நீட்டினாள். இரேனா உள்ளங்கையால் குல்லாக்களை மூடிக்கொண்டாள். பதினைந்து. மூடிய கை மூடியபடி. கடைசியில், ஆயுசில் செய்யாததைச் செய்தாள்: கேட்ட விலை இருபதை அப்படியே நீட்டினாள், நீட்டும்போது உடம்பு கூசியது, நல்லவேளையாக ஊர்க்காரர் யாரும் பார்க்கவில்லை. இரேனா இருபதையும் வாங்கவில்லை. தெருவில் கடை போட்டவளுக்கு எந்தத் தேசத்திலும் போணி என்றால் என்னவென்று தெரியும். எது நின்றது, எதனால் நின்றது, எதைச் செய்தால் ஓடும் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துதான் மாட்டேன் என்கிறாள்.

"தம்பி, இவளுக்கு என்ன வேணுமாம்? கேளு!" என்று பிரதீபனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள். "நாப்பது தரட்டா? கால்ல விழட்டா? கேளு!"

பிரதீபன் கேட்டான். இரேனா மெதுவாக, காப்பியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"அக்கா, அவ விக்க மாட்டாவாம். ஒன்பது மணிக்கு நகரசபை லொறி வருதாம். இண்டையோட சதுக்கத்தில வண்டில் ஒண்டும் நிக்கக்கூடாதெண்டு ஓடர். மற்ற ஆக்களுக்கு வேற இடம் இருக்காம். இவ இருபத்தாறு வருசமா இந்தக் கம்பத்தடியிலதானாம். ஒன்பது மணி வராட்டி லொறியும் வராதுதானே எண்டு சொல்லுறா."

எலுமிச்சம்பழம் விற்ற காலத்தில் வீரசின்னுவை மூன்று தடவை லாரி வந்து அள்ளியிருக்கிறது. சாக்கின் நாலு முனையையும் பிடித்து அவர்கள் தூக்கியபோது பழங்கள் பஸ்ஸுக்கடியில் உருண்டு ஓடின, அவள் பஸ்ஸுக்கடியில் ஊர்ந்து பொறுக்கினாள், பொறுக்கி நிமிர்ந்தபோது தராசைக் காணோம். அன்றைக்கு அவளிடம் மட்டும் ஒரு நாளை நிறுத்துகிற வித்தை இருந்திருந்தால் இன்றைக்கு வரைக்கும் ஓடவிட்டிருப்பாளா? இந்தக் கேள்வி வந்ததில் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. எதிராளி பக்கம் நியாயம் இருக்கிற பேரம்போல எரிச்சலூட்டுவது உலகத்தில் வேறொன்றும் கிடையாது.

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? ரெண்டு நாளா என்னைய நாயா அலைய விட்டுட்டா!" என்று இரேனாவைப் பார்த்துத் தமிழிலேயே கத்தினாள். இரேனாவும் தன் பாஷையில் அதே உரப்பில் பதிலுக்குக் கத்தினாள். பிரதீபன் இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க வாயெடுத்து, அவசியமில்லை என்று விட்டுவிட்டான்.

போன் அடித்தது. கம்பெனி ஆபீசர். விமான நிலையத்தில் பேசிவிட்டானாம். நாள் ஓட ஆரம்பித்த நிமிஷமே ஓட்டல் வாசலிலிருந்து பஸ் கிளம்பிச் சதுக்கம் வழியாகப் போகும், ஒன்பதரைக்கு ஒரு விமானம், அதைப் பிடித்தால் வெள்ளி விடியற்காலையில் ஊர். அதை விட்டால் மூன்று நாளைக்கு ஒரு சீட் கிடையாது.

வீரசின்னு தோளில் கிடந்த துண்டை உதறினாள். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போர்த்தி அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது, பேச்சும் கிடையாது. கயிறு விற்ற காலத்தில் அவள் அதைப் பார்த்தே பழகியிருந்தாள். இரேனாவின் வலது கையை எடுத்துத் தன் கையோடு சேர்த்துத் துண்டால் மூடினாள். இரேனா திகைத்தாள், ஆனால் கையை இழுக்கவில்லை.

வீரசின்னு இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினாள், இருபது. இரேனாவின் விரல்கள் அசையவில்லை. மூன்று. நான்கு. இரேனா விரல்களை உருவிக்கொண்டு வீரசின்னுவின் மணிக்கட்டைக் கப்பென்று பிடித்தாள். பிடித்தபடி இன்னொரு கையால் மணிக்கூண்டின் ஒன்பதைக் காட்டினாள். பிறகு தன் பக்கத்தில் நடைபாதைக் கல்லைக் காட்டினாள்.

"அக்கா, அவ என்ன சொல்லுறா எண்டால்…"

"வேண்டாம் தம்பி. வெளங்கிருச்சு." "குல்லாவுக்குக் கொசுறா ஆளையே கேக்குறா. லாரி வர்றப்ப பக்கத்துல நிக்கணுமாம்."

கொசுறு கேட்காமல் ஒரு நாளும் வாங்காதவள் அவள். இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒருத்தி அவளிடம் கேட்கிறாள். ஒன்பது வரைக்கும் நின்றால் ஒன்பதரை விமானம் இல்லை, விமானம் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை இல்லை, வெள்ளிக்கிழமை இல்லையென்றால் தவசி சரிங்க என்பான், மகள் காலத்துக்கும் அடுப்படியில் நின்று அம்மாவை நினைத்துக்கொள்வாள். மாட்டேன் என்றாலோ இந்த ஏழு இருபத்தைந்திலேயே எல்லோரும் கிடக்க வேண்டும், அப்போதும் வெள்ளிக்கிழமை இல்லை. சும்மா சரியென்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடலாம் என்றும் ஒரு கணம் நினைத்தாள். ஒரு குல்லாவைத் திருப்பிக் கொடுத்ததற்கே ஒரு ஊர் நின்றது; துண்டுக்குள் கொடுத்த கையை உதறினால் எது எது நிற்குமோ.

"சண்டாளி" என்றாள் இரேனாவிடம், ஏறக்குறைய மரியாதையோடு. பிறகு அவள் கையை இறுக்கிப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கித் துண்டை எடுத்தாள். இருபதைக் கொடுத்தாள். இரேனா நோட்டை முத்தமிட்டாள். வீரசின்னு சிவப்புக் குல்லாவைக் காது மூட இழுத்து மாட்டிக்கொண்டாள்.

மணிக்கூண்டின் முள் அசைந்தது. நிழல் ஒரு நூலிழை நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மாதாகோயில் மணி அடித்தது, ஏழரைப் பஸ் வந்தது, பிள்ளைகள் தங்கள் கதையைப் பாதியில் விட்டுவிட்டு ஏற மனமில்லாமல் ஏறினார்கள். சதுக்கத்தில் நின்றவர்கள் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ திருடுபோன மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அருங்காட்சியக வரிசையிலிருந்து கோவர்த்தனனைப் பிய்த்து எடுக்க நாலு பேர் வேண்டியிருந்தது. ஒன்பதுக்குத் திறந்துவிடுவார்கள், இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் என்று அவன் பஸ் படிக்கட்டில் ஏறும்போதும் அழுதான்.

"அக்கா, ஏறுங்கோ. பஸ் நிக்காது" என்றான் பிரதீபன்.

"நீ போ தம்பி. இவங்கள ஏத்திவிட்டுட்டு வா."

"உங்களுக்கு மொழி தெரியாதே."

"லாரிக்காரனுக்கும் எனக்கும் மொழி என்னத்துக்கு?"

பஸ் போனது. ஒன்பதாக இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவள் வீட்டுக்குப் போன் போட்டாள், காதைக் குல்லா மூடியிருந்ததால் ஸ்பீக்கரில், வர முடியவில்லை என்று மகளிடம் சொல்ல. எடுத்தது தவசி. அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் போனை ஸ்பீக்கரில்தான் போடுவான்.

"சின்னு, அவுக வந்துட்டாகளே" என்றான்.

"எவுக?"

"மாப்பிள்ள வீட்டுக்காரவுக. மாமன் ஊருக்குக் கெளம்புற டிக்கெட்டு ஒரு நா முன்னாடி மாறிப்போச்சாம். நாளைக்குப் பதிலா இன்னைக்கே வரட்டுமான்னு கேட்டாக. சரிங்கன்னுட்டேன்."

வீரசின்னு குல்லாவைக் கழற்றித் தரையில் அடித்தாள். "ஏங்க, உங்க வாயில வேற வார்த்தையே வராதா? நாலெழுத்துச் சேத்து ‘முடியாது’ன்னு ஒரே ஒரு தடவ…"

"அம்மா" என்று பூவிழியின் குரல் மெல்லக் கேட்டது. "எல்லாரும் இங்கதான் இருக்காங்க. போனக் கூடத்துல வெச்சிருக்கு."

உடனே ஒரு கனத்த ஆண் குரல் வந்தது. "வணக்கம் சம்பந்தியம்மா. நாந்தான் பையனுக்கு மாமன். ராகு காலத்துக்கு முன்னாடி பேசி முடிச்சிரலாம்னு பாக்குறோம். மத்ததெல்லாம் அய்யா சரின்னுட்டாரு. பொண்ணு வேலைக்குப் போற விசயந்தான். அது நம்ம குடும்பத்துக்குச் சரிப்படாது பாருங்க. விட்டுரச் சொல்லிருங்க, முடிஞ்சது."

வீரசின்னு பதிலுக்கு மூச்சை இழுத்தபோது லாரி வந்தது. மஞ்சள் லாரி, பின்னால் இரும்புக் கை. கல் பாவிய சதுக்கத்தில் கடகடவென்று நேரே விளக்குக் கம்பத்துக்கு வந்து நின்றது. "இருங்க, வந்துட்டேன்" என்று போனைக் குல்லாக் குவியலின் மேல் வைத்தாள், அணைக்க மறந்தாள், லாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

இறங்கினவன் இளவட்டம், கையில் காகிதம். அவன் கத்தவில்லை, சிரித்த முகமாகப் பணிவாகப் பேசினான். பணிவாக அள்ளுகிறவனைத்தான் அவளுக்கு ஆகவே ஆகாது. இரேனா வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கல்லாக நின்றாள். ஒருத்தன் இரும்புக் கையை இறக்கினான்.

"ஏய், நிறுத்து!" என்று வீரசின்னு போட்ட சத்தத்தில் மணிக்கூண்டுப் புறாக்கள் கிளம்பிப் பறந்தன. "யாரைக் கேட்டு விடச் சொல்ற நீ? அவ ஒரு வேல பாக்குறா. சொந்தக் காலுல நிக்கிறா. அதுல உனக்கு எங்க வலிக்குது? நீ வர்றதுக்கு முன்னாடியிருந்தே அவ இந்த வேலையில இருக்கா, நீ போனப்புறமும் இருப்பா. வந்தமா, காகிதத்த நீட்டுனமா, விட்டுருன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னமான்னு போயிரலாம்னு நெனச்சியா? மரியாதையாப் பேசுனா அநியாயம் நியாயமாயிருமா? அவளுக்கு யாருமில்லன்னு நெனச்சியா? நான் நிக்கிறேன்ல! அவ விட மாட்டா! விடச் சொல்றதுன்னா மொதல்ல என் மேல ஏத்து!"

சொல்லிவிட்டு லாரியின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் சேலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இரேனா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆபீசுக்குக் கிளம்பியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்; இரண்டு நாள் அந்த வண்டிப் பக்கத்தில் காப்பி குடித்தவர்கள், இப்போது பெயர் தெரிந்தவர்கள். ஒருத்தர் பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு வந்தார். மணி அடிக்கிறவனின் பெண்டாட்டி வந்தாள். சும்மா வந்து லாரியைச் சுற்றி நின்றார்கள், பஸ்ஸுக்கு நிற்பதுபோல.

இளவட்டம் காகிதத்தைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். சிரிப்புப் போயிருந்தது. குனிந்து, கம்பத்திலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி வைத்தால் போதும் என்று இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினான்.

அப்போது குல்லாக் குவியலிலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"சம்பந்தியம்மா" என்றது கனத்த குரல், கனம் கொஞ்சம் குறைந்திருந்தது. "சத்தம் போடாதீங்க. நாங்க அப்பிடியொண்ணும் தப்பா நெனச்சுக் கேக்கல. பொண்ணு வேலைக்குப் போகட்டும். யாரு மேலயும் எதையும் ஏத்த வேண்டாம். சரிங்களா?"

"சரிங்க" என்றான் தவசி.

வீரசின்னுவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு அணைக்காத போன் ஞாபகத்துக்கு வந்தது, புரிந்தது. புரிந்ததும் சந்தோஷம் வரவில்லை, சுருக்கென்று ஒரு சந்தேகம்தான் வந்தது. நாற்பது வருஷப் பேரத்தில் அவள் கற்ற ஒரே பாடம், எதிராளி பட்டென்று ஒத்துக்கொண்டால் நாம் குறைத்துக் கேட்டுவிட்டோம் என்பதுதான்.

"அம்மா, ஒத்துக்கிட்டாங்கம்மா" என்று பூவிழி கிசுகிசுத்தாள். "போதும், வெச்சிரு."

"என்னத்தப் போதும்? மேல படிக்கணும்னு சொன்னியே, அதக் கேட்டியா?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். "எனக்கு இங்க வேல கெடக்கு. நீ கேளு!"

ஒட்டன்சத்திரத்துக் கூடத்தில் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. அப்புறம் அவள் மகளின் குரல், நடுங்கினாலும் நிற்காமல் வந்தது: "இன்னொண்ணு இருக்குங்க, மாமா."

வீரசின்னு எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். இளவட்டம் விரித்த கைகளை மடக்காமல் அப்படியே நின்றிருந்தான். அவள் போய் அந்த இரண்டு கைகளையும் பிடித்து, நெருக்கி, முன்னைவிடப் பாதி அகலத்தில் நிறுத்தினாள்.